மங்கையர்க்கரசிக்குப் பதிலா நான் படிச்ச படிப்பு

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன் தம்பி. ஆங், போதும் போதும். துறையூர்லேருந்து நின்னுக்கிட்டே வர்றேன், ஒருத்தன் எந்திரிக்கல. இதே நாலு வருசம் முன்னாடின்னா டிரைவரே எந்திரிச்சு எடம் குடுத்திருப்பாரு. நான் யாருன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். பரஞ்சோதி. மேலக்கருவனூர் பிரெசிடென்ட். அதாவது, பிரெசிடென்ட் என் சம்சாரம் மங்கையர்க்கரசி. ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணாத்தான் இருந்துச்சு.

மடியில அது என்ன புத்தகம்? இப்படித் திருப்புங்க. வளர்ச்சியியல், சமூக அறிவியல், இணைப் பட்டம்... அட, நம்ம படிப்பு! தொலைதூரக் கல்வியில சேந்திருக்கீங்களா? முதல் வருசமா? இதை ஏறுனதுமே சொல்றதில்லையா? நான் எங்க சொல்ல விட்டேங்குறீங்களா, அதுவும் சரிதான். நான் அதே படிப்புதான் தம்பி. மூணு வருசம். இன்னைக்குத் திருச்சியில பட்டமளிப்பு விழா. அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்.

வாழ்த்தெல்லாம் சொல்லாதீங்க. பட்டம் எனக்கில்ல. அதான் விசயமே. படிச்சது நான், பட்டம் என் சம்சாரத்துக்கு. இந்த மாதிரி அக்கிரமத்தை நீங்க எங்கயாவது கேட்டிருக்கீங்களா? வேலை பாக்குறது ஒருத்தர், பேரும் நாற்காலியும் இன்னொருத்தருக்கு. இதை யாரு கேக்குறது? எனக்கு நெனச்சா வயிறு எரியுது தம்பி, சும்மா சொல்லல.

நீங்க புதுசா சேந்திருக்கீங்க, அதனால மொதல்லேருந்து சொல்றேன். உங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்.

எங்க ஊரை அந்தத் தேர்தல்ல பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நானோ அந்த நாற்காலிக்குன்னே பல வருசமா கல்யாணம், காதுகுத்து, எழவு ஒண்ணு விடாம போய் முன்வரிசையில நின்னவன். சரி, ஒதுக்குனா ஒதுக்கிட்டுப் போறான்னு மங்கையை நிறுத்துனேன். போஸ்டர்ல என் படம் இம்மாம் பெருசு. மீசையே ஒரு முழம் இருக்கும். மூலையில ஸ்டாம்பு சைஸ்ல மங்கை. 'உங்கள் வேட்பாளர்'னு ஒரு அம்புக்குறி போட்டு அவளைக் காட்டியிருந்துச்சு. அம்புக்குறி இல்லன்னா ஏதோ அச்சு மை சிந்திருச்சுன்னு நெனச்சிருப்பாங்க.

வேட்புமனுவில கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மங்கை ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் காலேஜ் படிப்பு படிக்கணுங்க"ன்னா. பிளஸ் டூவுல நல்ல மார்க் வாங்குனவதான். அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டதுல படிப்பு நின்னு போச்சு. படிச்சுக்கன்னேன். தலைவர் பட்டதாரின்னா எனக்கும் ஒரு மதிப்புதானே.

ஜெயிச்சோம். ஜெயிச்சதும் நான் வேலையை ஆரம்பிச்சுட்டேன். ஊராட்சி ஆபீஸ் நாற்காலியில நான் துண்டைப் போட்டு உக்காந்தா, சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கறதில்ல. கிளார்க்கு மருதை பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோய் மங்கைகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துருவான். கலெக்டர் மீட்டிங்குக்கு நான்தான். கொடியேத்துறது நான்தான். மகளிர் தினத்துக்குச் சிறப்புப் பேச்சாளர் நான்தான். சிறந்த பெண் தலைவர்னு ஒரு விழாவுல பட்டுப்புடவை குடுத்தாங்க பாருங்க, அதையும் நான்தான் மேடையேறி வாங்குனேன். மெரூன் கலர், பச்சை பார்டர். அவளுக்குன்னு ஒரு சிரமம் வச்சதில்ல தம்பி நான்.

அப்பதான் ஒருநாள் வந்து சொல்றா. "ஏங்க, சனி ஞாயிறு திருச்சியில வகுப்பாம். ஆள் போகலைன்னா பேரை அடிச்சிருவாங்களாம். எனக்கு வீட்டுல வேலை கெடக்கு. நீங்க போயிட்டு வந்துருங்களேன். எல்லாத்துக்கும் எனக்குப் பதிலா நீங்கதானே போறீங்க?"

எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. கலெக்டரையே சமாளிக்கிறவன், ஒரு வாத்தியாரைச் சமாளிக்க மாட்டேனா?

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சுக்கிறேன், மறந்துரும்.

மொத நாள் வகுப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு, எல்லாம் போட்டுட்டுப் போய் முன்வரிசையில உக்காந்துட்டேன். பாடம் எடுக்குறவங்க இம்மாகுலேட் மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு ஒவ்வொரு பேரா கூப்பிட்டாங்க. "மங்கையர்க்கரசி?"

"உள்ளேன் மேடம்"னு எந்திரிச்சேன்.

கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. "நீங்கதான் மங்கையர்க்கரசியா?"

"ஆமா மேடம். எங்க யூனியன்ல எல்லா ஆபீஸ்லயும் நான்தான் மங்கையர்க்கரசி."

பின்னாடி இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிக்குதுங்க. மேடம் சிரிக்கல. அப்புறம், "உக்காருங்க. நீங்க கண்டிப்பா இந்தப் பாடத்தைக் கேக்கணும்"னாங்க. பாத்தீங்களா, பாத்த மாத்திரத்துல ஆளை எடை போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வருசமும் பேரே கூப்பிடல தம்பி. என்மேல அம்புட்டு நம்பிக்கை.

மத்தவங்க இருக்காங்களே, பொறுப்பே கிடையாது. ஒரு வாரம் நிறைய பேர் வருவாங்க, மறுவாரம் நானும் மேடமும் ஃபேனும்தான். நான் மட்டும் ஒரு வகுப்பு விட்டதில்ல. அடைமழையில பஸ்ஸு ஓடலைன்னு பால் வண்டியில போயிருக்கேன்.

படிப்பு என்னன்னு உங்களுக்குச் சுருக்கமா சொல்லிர்றேன், புத்தகத்துல இவ்வளவு தெளிவா இருக்காது. மனுசன் ஏன் இப்படி இருக்கான்னு கேட்டா அது சமூக அறிவியல். அவனை எப்படி வேற மாதிரி ஆக்குறதுன்னு கேட்டா அது வளர்ச்சியியல். இவ்வளவு சொல்லியும் ஏன்டா இவன் இன்னும் இப்படியே இருக்கான்னு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்தா, அது இணைப் பட்டம். மேடம் அடிக்கடி அப்படித்தான் உக்காந்திருப்பாங்க, என்னைப் பாத்துக்கிட்டே.

உள்ளாட்சி பத்தின பாடம் ஒருநாள். "பெண் தலைவர்கள் சுயமா வேலை செய்யத் தடையா இருக்குறது எது?"ன்னு கேட்டாங்க. நான் சட்டுனு எந்திரிச்சேன். "குடும்பத்தாரோட தலையீடு மேடம்! வன்மையா கண்டிக்கணும்!" கைதட்டல்னா கைதட்டல். ரெண்டு பொம்பளைங்க கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சு, சந்தோசப்பட்டாங்க. "உங்க ஊர்ல எப்படி?"ன்னாங்க மேடம். "எங்க ஊர்ல அந்தப் பேச்சுக்கே எடமில்ல மேடம். தலைவருக்கு ஒரு வேலையும் வைக்கிறதே இல்ல, எல்லாம் நானே பாத்துக்குவேன்"னேன். மேடம் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிச்சாங்க.

இதெல்லாம் தியரி. தியரி கூட சமாளிச்சுரலாம். பிராக்டிகல் இருக்கே தம்பி, அதுதான் ஆளைக் கொன்னுரும். உங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கலையா? ஆரம்பிக்கும். தயாரா இருங்க.

பிராக்டிகல் விவரமெல்லாம் தபால்ல வீட்டுக்கு வரும்னு மங்கை சொன்னா. அவதான் பாத்துச் சொல்லுவா. மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு. காலையில வாசல் கூட்டித் தெளிக்கிறது. "உழைப்பை உள்ளேருந்து பாக்கணுமாங்க, அதான் பாடம்"னா. சரின்னு பண்ணேன். அடுத்த பருவத்துல பாத்திரம். அதுக்கப்புறம் துணி. அப்புறம் சமையல், அது ரெண்டு பருவம், சைவம் ஒண்ணு, அசைவம் ஒண்ணு. என் அம்மாவை மாசாமாசம் சுகர் பாக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி வரிசையில நிக்கிறதும் பிராக்டிகல். அது தனி பேப்பர்.

வெண்டைக்காய் வதக்கியிருக்கீங்களா? கூழு மாதிரி போயிரும். மொத தடவை பண்ணிட்டு மங்கைகிட்ட வச்சேன். ஒரு வாய் தின்னுட்டு, "இது பாஸ் ஆகாதுங்க, திரும்பப் பண்ணணும்"னுட்டா. நாலு தடவை அரியர் வச்சேன் வெண்டைக்காயில. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. கழுவித் தொடைச்சு, காயவிட்டு நறுக்கணும். உப்பைக் கடைசியிலதான் போடணும். குறிச்சு வச்சுக்கங்க.

வகுப்புல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மாகிட்ட கேட்டேன். "ஏம்மா, நீங்க துணி துவைக்கிற பிராக்டிகல் முடிச்சுட்டீங்களா?" அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அதை நாங்க வயசுக்கு வந்ததுலேருந்து பண்றோம்ணே"ங்குது. பாருங்க, எவ்வளவு முன்கூட்டியே தயாராகுறாங்க!

நீங்க மறுபடி ஏதோ சொல்ல வர்றீங்க. பிராக்டிகல் பத்தியா? பயப்படாதீங்க, நான் போன் நம்பர் தர்றேன், சந்தேகம்னா கேளுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சனி ஞாயிறு நான் வகுப்புல. மத்த நாள் காலையிலேருந்து பிராக்டிகல். அப்ப ஆபீஸை யாரு பாக்குறது? "நான் சும்மா போய் உக்காந்திருக்கேன், நீங்க படிப்பைப் பாருங்க"ன்னா மங்கை. சும்மாதானே, உக்காந்திருக்கட்டும்னு விட்டுட்டேன். நாற்காலியில கெடந்த என் துண்டை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வந்து, "இதையும் அந்தத் துணியோட போட்ருங்க"ன்னா. நானே துவைச்சு, நானே காயப்போட்டு, நானே மடிச்சு வச்சேன். அது அப்புறம் ஆபீஸுக்குப் போகவே இல்ல தம்பி. எனக்கு அன்னைக்குத் தோணல. இப்பதான் தோணுது.

ஒருநாள் எங்க தெரு ஆளுங்க கும்பலா வந்து வாசல்ல நிக்கிறாங்க. "என்ன தலைவரே, தண்ணி மொதல்ல கீழக்காட்டுக்குப் போகுது, நமக்குப் பின்னாடி வருது?" கீழக்காடுங்கிறது ஊருக்கு வெளியில, கடைசியில இருக்குற குடிசைங்க. அங்க குழாய் உண்டு, தண்ணிதான் கிடையாது. என்னைக்கும் எங்க தெரு ரொம்புன பிறகுதான் மத்தது. அவங்க கத்துறாங்க, நான் என்ன பண்ண முடியும்? கையில அருவாமணை, பாதி நறுக்குன பூசணிக்காய். "தலைவர் ஆபீஸ்ல இருக்காங்க, அங்க போய்க் கேளுங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதுலயே விழுந்துச்சு, நான் என்ன சொன்னேன்னு.

அன்னைக்கு மங்கை வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். யாரைக் கேட்டு வால்வைத் திருப்புனன்னேன். அவ நிதானமா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, "கடைசி வீட்டுக்குப் போய்ச் சேராதது வளர்ச்சி இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க, போன வாரம் வெண்டைக்காய் நறுக்கும்போது?"ன்னா.

சொன்னேன்தான். வகுப்புலேருந்து வந்ததும் நான் அடுப்படியில நின்னு அன்னைக்குப் பாடத்தையெல்லாம் அவளுக்கு ஒப்பிப்பேன். பரீட்சை எழுத வேண்டியவ அவளாச்சே. அவ தூணுல சாஞ்சு உக்காந்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருப்பா. நடுவுல ஒரு கேள்வி கேப்பா பாருங்க, மேடம் கூட அப்படிக் கேக்க மாட்டாங்க. பதில் தெரியாம நான் மறுவாரம் போய் மேடம்கிட்ட கேட்டுட்டு வருவேன். "இது யாரு கேட்ட கேள்வி?"ம்பாங்க. "நான்தான் மேடம்"னுருவேன். நம்பவே மாட்டாங்க.

அப்புறம் கிராம சபை. அது வரைக்கும் கிராம சபைன்னா நான் பேசுவேன், மங்கை வணக்கம் போடுவா. அன்னைக்கு எனக்கு அசைவ பிராக்டிகல், மீன் கழுவி வச்சுட்டு வர நேரமாயிருச்சு. போனா என் நாற்காலியில மங்கை உக்காந்திருக்கா. அந்த மெரூன் புடவை, பச்சை பார்டர். மருதை ஓடிவந்து, "அண்ணே, நீங்க இப்படிக் கீழ உக்காந்துக்கங்க"ங்குறான். என் கையால வேலைக்குச் சேத்த பய! உக்காந்தேன். பக்கத்துல உக்காந்த ஆளு மூக்கைச் சுளிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்தான், மீன் வாடை.

மங்கை மைக்கைப் பிடிச்சா. தண்ணி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, ஒவ்வொண்ணா சொல்றா. யாருக்கு எது கெடைக்கல, ஏன் கெடைக்கல, எப்பக் கெடைக்கும். எல்லாம் நான் சொன்ன பாடம் தம்பி. அவ பேசப் பேச என் வாயும் சேந்து அசையுது. ஆனா நான் பேசுனா பங்கேற்பு, பரவலாக்கம்னு வெறும் வார்த்தையா வரும். அவ பேசுனா அதுல ஆளுங்க வருது. கீழக்காட்டு ராசாத்தி வருது, உடைஞ்ச குழாய் வருது. பொம்பளைங்க கையத் தட்டுனாங்க. ஆம்பளைங்களும் தட்டுனாங்க, கொஞ்சம் யோசிச்சுட்டு. பக்கத்துல இருந்த வெளியூர்க்காரர், "யாருய்யா இந்தம்மா, பிச்சு உதறுது?"ன்னார். "என் சம்சாரம்"னேன். "அப்ப நீங்க?"ன்னார். மீன் வாடை அடிச்ச கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டேன். பெருமையா இருந்துச்சு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். அதே நேரம் வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல வருமான்னு மேடம்கிட்ட கேட்டேன். அது சிலபஸ்ல இல்லைன்னுட்டாங்க.

பரீட்சையும் வந்துச்சு. அதுக்கும் நானே போயிருப்பேன், ஹால் டிக்கெட்ல போட்டோ இருக்காம். அங்க மட்டும் விட மாட்டாங்களாம். போஸ்டர்ல போட்ட மாதிரி அதுலயும் நம்ம போட்டோவைப் பெருசா போட்டிருக்கணும், அசந்துட்டேன். மங்கை உள்ள எழுதுறா, நான் வெளியில வேப்பமரத்தடியில உக்காந்து அதே கேள்விக்கெல்லாம் மனசுக்குள்ள பதில் எழுதுறேன். முதல் வகுப்புல பாஸ் பண்ணிட்டா. ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் மார்க் கம்மி. எதுலன்னு பாத்தா புள்ளியியல். அந்த வகுப்புல நான் தூங்கிட்டேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், படிச்சது நான்தாங்குறதுக்கு?

ஊர்ல இப்ப என்ன பேச்சுன்னா, அடுத்த தேர்தல்ல எங்க ஊரு பொதுவாயிரும், ஆம்பளையும் நிக்கலாம்னு. இத்தனை வருசம் எதுக்குக் காத்திருந்தேன்? நிக்கலாம்னு டீக்கடையில வாயைத் தொறந்தேன். மருதை சொல்றான், "அண்ணே, அக்கா இருக்கும்போது நீங்க எதுக்குண்ணே? அக்கா பட்டதாரி ஆச்சே." நீங்களே சொல்லுங்க, அந்தப் பட்டம் இல்லாததாலதானே என் நாற்காலி போகுது? மூணு வருசம் உழைச்ச உழைப்பு, அதுல எனக்குப் பங்கில்லையா?

அதனால ஒரு யோசனை வச்சிருக்கேன். இன்னைக்கு விழா முடிஞ்சதும் நேரா இம்மாகுலேட் மேடம்கிட்ட போறேன். "மேடம், இது இணைப் பட்டம். வளர்ச்சியியல் ஒண்ணு, சமூக அறிவியல் ஒண்ணு. சமூக அறிவியலை மங்கைக்குக் குடுத்துருங்க. வளர்ச்சியியலை எனக்குக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு, பிரச்சினை முடிஞ்சுது." எப்படி? பிளெக்ஸ் கூடச் சொல்லிட்டு வந்துட்டேன். நம்ம ரபீக் கடையில அந்தத் தேர்தல் போஸ்டர் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடந்துச்சு. என் படம் பெருசா, மங்கை மூலையில. எனக்கு மட்டும் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிவிடச் சொல்லியிருக்கேன். எங்க ஊர்ல பஸ்ஸை விட்டு எறங்குனதும் கண்ணுல படுற மாதிரி வைக்கணும். மங்கை காலையிலேயே வார்டு மெம்பருங்களோட வேன்ல போயிட்டா, அவளுக்கு இது தெரியாது. நான் சோத்தை வடிச்சு, அம்மாவுக்கு எடுத்து வச்சுட்டுக் கெளம்ப நேரமாயிருச்சு.

மண்ணச்சநல்லூர் தாண்டிருச்சா? சரி, இப்பச் சொல்லுங்க. நீங்க ஏதோ சொல்லணும் சொல்லணும்னு வந்தீங்களே.

என்னது?

தொலைதூரக் கல்வியில வகுப்புக்கு... கட்டாயம் இல்லையா? விருப்பப்பட்டாப் போகலாமா? யாரு சொன்னா? புத்தகத்துலயே போட்டிருக்கா? எங்க, காட்டுங்க.

ம்.

போட்டிருக்கு.

சரி, மங்கை இதைக் கவனிச்சிருக்க மாட்டா. பாவம், வேலை ஜாஸ்தி... அவ கவனிக்காம எதையும் விடுறவ இல்லையே. சரி விடுங்க. அந்த பிராக்டிகல் எந்தப் பக்கத்துல இருக்கு? இல்லையா? நல்லாப் பாருங்க தம்பி. தபால்ல வரும், தனியா... வராதா? இந்தப் படிப்புக்குப் பிராக்டிகலே கிடையாதா? வெண்டைக்காய்? சரி. துணி? சரி சரி, மத்ததெல்லாம் படிக்க வேணாம், மூடிருங்க.

கொஞ்சம் ஜன்னலைத் தொறங்க. காத்து வரட்டும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு மங்கை... மண்ணச்சநல்லூர் தாண்டியாச்சு... சோறெல்லாம் ஆச்சு, அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வச்சுட்டேன்... ம்... ம்... யாரு? மேடமா? என்னைய கேட்டாங்களா?... என்ன சொன்னாங்க?... ம்... அங்கியா? எனக்கெதுக்கு?... சரி... சரி வர்றேன்... குரலெல்லாம் ஒண்ணும் மாறல, வெயிலு... வச்சிர்றேன்.

என்ன பாக்குறீங்க? ஒண்ணுமில்ல. பட்டம் வாங்குனதும் வாசல்லயே நிப்பாளாம். மேடம் வேற, "உன் பதிலாளு வந்தாச்சா, அவர் இல்லாம போட்டோ எடுக்காத"ன்னு சொன்னாங்களாம். அந்தக் கறுப்பு அங்கியைக் கழட்டி எனக்கும் மாட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கணுமாம். "நீங்க படிச்சதும் படிப்புதானே"ங்குறா.

அந்த பிராக்டிகலைப் பத்திக் கேட்டேனாவா? இல்ல தம்பி, கேக்கல.

கேட்டா உண்மையைச் சொல்லிருவா. அவ அப்படித்தான். அதான் கேக்கல.

டோல்கேட் வந்துருச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிருவேன். ஒரு நிமிசம் இருங்க, இன்னொரு போன் போட்டுர்றேன்.

ரபீக்கு, நான் பரஞ்சோதி. அந்த பிளெக்ஸ் அடிச்சுட்டியா?... அடிக்கலையா, நல்லதாப் போச்சு. படத்தை மாத்துப்பா. அவங்க படத்தைப் பெருசா போடு... ஆமாப்பா, மங்கை படத்தைத்தான்... இன்னும் பெருசா. அங்கி, தொப்பி எல்லாம் அவங்களுக்கு... என்ன எழுதணுமா? 'எங்கள் தலைவர்'னு எழுது. அம்புக்குறியா? எதுக்குய்யா அம்புக்குறி, அவ்வளவு பெருசா இருந்தா ஊருக்கே தெரியாதா?... என் படமா? போடாம எப்படி? மூலையில போடு... ஸ்டாம்பு சைஸே போதும்...

ரபீக்கு, வச்சிராத. அந்த அம்புக்குறியை எனக்குப் போட்டு விடு.

சரி தம்பி, எறங்குறேன். நல்லாப் படிங்க. வகுப்புக்குப் போங்க, என்ன? கட்டாயம் இல்லதான். இருந்தாலும் போங்க.